ஒன்பதரை மணிக்கு ஒரு நாவல்

நான் படித்த ஊரின் பெயர் இன்று தேசப்படத்தில் இல்லை. லெனின்கிராட் 1991 செப்டம்பரில் மறுபடியும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆயிற்று. அந்த டிசம்பரிலேயே நாடும் இல்லாமல் போயிற்று. ஊர் போனதையும் நாடு போனதையும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவற்றோடு சேர்ந்து சத்தமில்லாமல் போன ஒரு பழக்கம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒரு பெரிய நாவலை ஒரு நகரமே ஒரே நேரத்தில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, இன்றைக்கு ஒரு பகுதி, நாளைக்கு ஒரு பகுதி என்று பார்க்கும். மறுநாள் காலை டிராமில் நெருக்கியடித்து நின்றபடி அதைப் பற்றியே பேசும்.

சோவியத் உதவித்தொகையில் 1983 இலையுதிர் காலத்தில் திருச்சியிலிருந்து அங்கே போனவன் நான். முதல் வருடம் முழுக்க ரஷ்ய மொழிதான் பாடம். அந்த ஆயத்த வகுப்பை 'பொத்ஃபாக்' என்போம். விடுதியை 'ஒப்ஷாகா' என்போம். அதன் தரைத்தளத்தில் 'கிராஸ்னி உகோலக்' என்று ஓர் அறை இருந்தது. சிவப்பு மூலை என்று பொருள். விடுதி, தொழிற்சாலை, கப்பல் எங்கே போனாலும் அப்படி ஓர் அறை இருக்கும். லெனினின் மார்பளவுச் சிலை, கட்டையில் செருகிய செய்தித்தாள்கள், வரிசையாக மர நாற்காலிகள், அவற்றுக்கு எதிரே ஒரு 'ரூபின்' தொலைக்காட்சிப் பெட்டி. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். வால்வுகள் சூடேறி முகங்களுக்கு நிறம் வர நேரம் பிடிக்கும். அதற்குள் பாதி நாற்காலிகள் நிரம்பிவிடும்.

வாரத்துக்கு ஒருமுறை நிகழ்ச்சி நிரல் அச்சிட்டு வரும். வாயில்காவல் பாட்டி அதை வாங்கி, பார்க்க வேண்டியவற்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டுக் கதவருகே குத்தி வைப்பார். ஒன்பது மணிக்கு ஸ்விரீதவின் இசையோடு 'விரேமியா' செய்தி தொடங்கும். அறுவடை, எஃகு உற்பத்தி, வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்றது எல்லாம் முடிந்து, கடைசியில் வானிலை. ஒன்பதரை தாண்டியதும் படம். வானிலை ஓடும்போதே மாடிப்படிகளில் செருப்புச் சத்தம் கேட்கும். எல்லோரும் கையில் ஒரு தேநீர்க் குவளையோடு இறங்கி வருவார்கள்.

அந்தப் பெட்டிக்கு முன் நான் உட்கார்ந்ததற்குக் காரணம் என் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்தவர். நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சி ஊருக்கு வரும்போதெல்லாம் மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகங்களை வாங்கி வருவார். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், கையைக் கடிக்காத விலை. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' எங்கள் வீட்டில் கை மாறி மாறித் தெருவையே சுற்றி வந்தது. அந்தப் பக்கங்களில் படித்த பனியும் சமோவாரும் நீளமான பெயர்களும் கண்ணெதிரே வந்து நின்றபோது எனக்கு ரஷ்யா புது ஊராகத் தோன்றவில்லை. ஏற்கெனவே கேள்விப்பட்ட உறவினர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

நான் முதன்முதலில் முழுதாகப் பார்த்தது, கோகலின் நாவலை வைத்து 1984இல் வந்த 'இறந்த ஆன்மாக்கள்'. மிகயீல் ஷ்வெய்த்ஸர் இயக்கியது, ஐந்து பகுதிகள். செத்துப்போன பண்ணையடிமைகளைக் காகிதத்தில் விலைக்கு வாங்கிப் பணம் பண்ணத் திரியும் சிச்சிகவாக அலெக்சாந்தர் கல்யாகின். குண்டு முகம், பணிவான குரல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்ப மாறும் சிரிப்பு. கதைக்கு நடுவே கோகலும் ஒரு பாத்திரமாகவே வருவார். அலெக்சாந்தர் த்ரஃபீமவ் அந்த வேடத்தில் தன் பாத்திரங்களைப் பற்றித் தானே பேசிக்கொண்டிருப்பார். நாவலில் கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் வாசகனோடு பேசுகிற இடங்கள் உண்டல்லவா, வேறு யாராக இருந்தாலும் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். ஷ்வெய்த்ஸர் அவற்றுக்கு ஒரு நடிகரையே கொடுத்தார். பின்னணியில் அல்ஃபிரெத் ஷ்நித்கேயின் இசை. அப்போது எனக்குப் பாதி வசனம் புரியவில்லை. ஆனால் மறுநாள் வகுப்பில் எங்கள் ஆசிரியை கரும்பலகையில் இலக்கணம் எழுதுவதை விட்டுவிட்டு, 'நேற்று சிச்சிகவ் கடைசியாகப் போன வீடு யாருடையது? சொல்லுங்கள்' என்று கேட்டார். வியட்நாம், கியூபா, எத்தியோப்பியா, திருச்சி என்று நான்கு திசைகளிலிருந்து வந்திருந்தவர்கள் உடைந்த ரஷ்ய மொழியில் முண்டியடித்துப் பதில் சொன்னோம். வினைச்சொற்களைச் சரியாக உருட்டக் கற்றுக்கொண்டது அந்த வாரத்தில்தான்.

இந்தப் படங்களின் தலைப்புக் காட்சியில் ஒரு வரி வரும், சோவியத் வானொலி தொலைக்காட்சிக் குழுவின் ஆணைப்படி எடுக்கப்பட்டது என்று. குழுவுக்குள் 'எக்ரான்' என்று ஒரு பிரிவு 1968இல் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சிக்கென்றே படங்களையும் தொடர்களையும் எடுக்கச் செய்வது அதன் வேலை. மோஸ்ஃபிலிம், லென்ஃபிலிம் முதலிய பெரிய ஸ்டூடியோக்களிடம் அது வேலையை ஒப்படைக்கும். பணமும் நேரமும் அரசாங்கத்தினுடையவை. தணிக்கையும் அதனுடையதுதான். எத்தனையோ நல்ல கதைகள் அந்த மேசைகளில் கிடந்து மக்கிப்போயின. அதை மறைத்துப் பேசினால் அந்தக் காலத்துக்கு நான் உண்மையாக இருக்க மாட்டேன். ஆனால் ஒரு செவ்வியல் நாவல் அந்த மேசையைத் தாண்டிவிட்டால், அதை அவசரப்படுத்த யாருக்கும் காரணம் இல்லை. நடுவே விளம்பரம் இல்லை. பார்வையாளர் வேறு சேனலுக்கு ஓடிவிடுவாரே என்ற பயம் இல்லை. ஒரு பாத்திரம் ஒரு பக்கம் நீளத்துக்குப் பேசினால், நடிகரும் ஒரு பக்கம் பேசலாம்.

வாயில்காவல் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முற்றுகையில் மிஞ்சியவர். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை ஜெர்மன் படை லெனின்கிராடை வளைத்துப் பட்டினி போட்டபோது அவர் பள்ளிச் சிறுமி. நாங்கள் அவரை 'பாபுஷ்கா' என்றே கூப்பிட்டோம். ஒரு விடுமுறையில் செர்கேய் பொந்தர்ச்சூக்கின் 'போரும் அமைதியும்' தொலைக்காட்சியில் வந்தது. நான்கு பாகம், ஏழு மணி நேரத்துக்கு மேல். கம்பளி நூலைக்கூட ஓரமாக வைத்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கதைநாயகன் பியேராக பொந்தர்ச்சூக்கே நடித்தது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. 'பியேர் சின்னப் பையன். இவர் நாற்பதைத் தாண்டியவர். என் பியேர் இவர் இல்லை' என்பார். 'என் பியேர்' என்று அவர் சொன்னதில் இருந்த உரிமை என்னை உலுக்கியது. பின்னால்தான் அதன் வேர் எனக்குப் புரிந்தது. முற்றுகை நாட்களில் லெனின்கிராட்காரர்கள் 'போரும் அமைதியும்' நாவலை விரும்பிப் படித்தார்கள் என்று லீதியா கின்ஸ்பர்க் தன் முற்றுகைக் குறிப்புகளின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார். தங்கள் துணிச்சல் போதுமா என்று டால்ஸ்டாயை வைத்து அவர்கள் தங்களையே அளந்து பார்த்தார்களாம். ஒரு ரொட்டித் துண்டுக்கு வரிசையில் நின்ற ஊர் அது. அந்த ஊர்க்காரருக்கு நடாஷாவும் பியேரும் திரைப்படப் பாத்திரங்கள் அல்லர், பஞ்சகாலத்தில் கூட இருந்தவர்கள்.

அந்தப் படம் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதல்ல. ஆனால் ரஷ்யச் செவ்வியல் நாவலைப் பிரம்மாண்டமாக எடுப்பது என்று இன்றைக்கு யார் கிளம்பினாலும் அதன் நிழலில்தான் நிற்க வேண்டும். எழுபது மில்லிமீட்டர் படச்சுருள். போரதினோ போர்க்காட்சிக்கு ஆயிரக்கணக்கான சோவியத் சிப்பாய்கள் பழைய சீருடையில் நின்றார்கள். அந்தப் படத்துக்காகவே 1962இல் ஒரு தனிக் குதிரைப்படை அணி அமைக்கப்பட்டது. படம் முடிந்த பிறகும் அது கலைக்கப்படவில்லை. எத்தனையோ படங்களில் ஓடி, கடைசியில் ரஷ்ய அதிபரின் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டது. மேசை நாற்காலிகளும் பாத்திரபண்டங்களும் அருங்காட்சியகங்களிலிருந்து வந்தன. நடாஷாவின் முதல் நடனக் காட்சியில் ஒளிப்பதிவாளர் அனத்தோலி பெத்ரீத்ஸ்கி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு நடுவே காமிராவோடு வழுக்கிப் போனார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நாமே தலைசுற்றி ஆடுவதுபோல இருப்பது அதனால்தான். 1969இல் அமெரிக்காவின் ஆஸ்கர் பரிசும் அதற்குக் கிடைத்தது. இத்தனையும் எங்கள் ரூபின் பெட்டிக்குள் வந்தபோது குதிரைகள் எறும்பாகிவிட்டன. ஆனால் காயம்பட்டுக் கிடக்கும் ஆந்த்ரேயின் முகமும் மேலே விரிந்த வானமும் அந்தச் சின்னக் கண்ணாடியிலும் அப்படியே இருந்தன. பெரிய படை இல்லாவிட்டாலும் நாவல் நிற்கும், முகம் இல்லாவிட்டால் நிற்காது என்று நான் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன்.

பாபுஷ்காவிடம் இன்னொரு சொத்து இருந்தது. 1957இல் கியோர்கி தவ்ஸ்தனோகவ் லெனின்கிராடின் பெரிய நாடக அரங்கில் தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலை மேடையேற்றினார். இளவரசர் மிஷ்கினாக இன்னக்கேந்தி ஸ்மக்துனோவ்ஸ்கி. அதுவரை அவ்வளவாகப் பேர் தெரியாதவர், அந்த ஒரு வேடத்தில் நாடெங்கும் தெரிந்தவர் ஆனார். அதைத் தன் கண்ணால் பார்த்ததாக பாபுஷ்கா சொல்வார். மிஷ்கின் மேடைக்குள் எப்படி நடந்து வந்தார், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் எப்படி நின்றார் என்று எழுந்து நின்றே நடித்துக் காட்டுவார். ஃபந்தான்கா ஆற்றங்கரையில் இருந்த அந்த அரங்கைக் காட்டுவதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு நாவல் அச்சுக்குள் அடங்கியிருக்கவில்லை. மேடை, வானொலி, தொலைக்காட்சி, பள்ளிக்கூடம், சமையலறை என்று ஒவ்வொரு தலைமுறையும் அதை வாயால் சொல்லி அடுத்த தலைமுறையிடம் கொடுத்துக்கொண்டே வந்தது. எங்கள் ஊரில் இராமாயணம் அப்படித்தான் வந்தது என்று நான் சொன்னபோது பாபுஷ்கா தலையசைத்தார்.

பகுதி பகுதியாகப் பார்ப்பது அந்த நாவல்களுக்கு மேலிருந்து திணிக்கப்பட்ட வடிவம் இல்லை. அவை பிறந்ததே அப்படித்தான். 'போரும் அமைதியும்' நாவலின் தொடக்கப் பகுதி 1865இல் 'ரூஸ்கி வேஸ்த்னிக்' இதழில் '1805' என்ற தலைப்பில் வெளிவந்தது. 'அன்னா கரீனினா' அதே இதழில் 1875 முதல் 1877 வரை தொடராக வந்தது. கடைசிப் பகுதியில் செர்பியாவுக்குப் போன தன்னார்வப் படையினரைப் பற்றி டால்ஸ்டாய் எழுதியதை ஆசிரியர் கத்கோவ் ஏற்கவில்லை. டால்ஸ்டாய் அதைத் தனியாக அச்சிட்டு வெளியிட்டார். தஸ்தயேவ்ஸ்கி கடன்காரர்களுக்குப் பயந்து வெளிநாட்டில் அலைந்தபடி, முன்பணம் வாங்கி, தவணை தவறாமல் எழுதி அனுப்ப வேண்டிய நெருக்கடியில் 1868இல் 'அசடன்' நாவலைத் தொடராக எழுதினார். அதே ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் அவருடைய கைக்குழந்தை சோனியா இறந்தாள். துக்கத்துக்கு நடுவிலும் அடுத்த பகுதி போய்ச்சேர வேண்டியிருந்தது. படித்தவர்கள் ஒரு மாதம் காத்திருந்தார்கள். நஸ்தாஸ்யா ஃபிலிப்போவ்னா என்ன ஆவாள் என்று தங்களுக்குள் வாதாடினார்கள். அந்தக் காத்திருப்பும் வாதமும் நாவலின் ஒரு பாகம். நூறாண்டு கழித்து எங்கள் சிவப்பு மூலையில் நடந்தது அதன் தொடர்ச்சிதான். ஒரு பகுதி ஓரிடத்தில் நின்றுவிட்டால், விளக்கைப் போட்ட பிறகும் யாரும் எழுந்து போக மாட்டார்கள். கார்கிவிலிருந்து வந்த என் அறைத்தோழன் ஒரு கட்சி, லெனின்கிராட்காரன் ஒருவன் எதிர்க்கட்சி. பாபுஷ்கா வந்து அதட்டினால்தான் கலைவோம்.

எல்லாவற்றிலும் உச்சம் 1988 நவம்பர். விளதீமிர் போர்த்கோ லென்ஃபிலிமில் எடுத்த 'நாயின் இதயம்' அந்த மாதம் தொலைக்காட்சியில் வந்தது. புல்ககோவ் அந்தக் கதையை 1925இல் எழுதினார். மறு ஆண்டு ரகசியப் போலீஸ் அவர் வீட்டைச் சோதனை போட்டுக் கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு போனது. சோவியத் நாட்டில் அது முதன்முதலாக அச்சேறியது 1987இல், 'ஸ்னாமியா' இதழில். அறுபது வருடங்களுக்கு மேல் தட்டச்சுப் படிகளாக ரகசியமாகக் கைமாறி வந்த ஒரு கதை, ஒன்றரை வருடத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. அந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

போர்த்கோ அதை வண்ணத்தில் எடுக்கவில்லை. பழைய புகைப்படம்போல மங்கிய பழுப்பு நிறம். கதை நடப்பது மாஸ்கோவில், ஆனால் படம் பிடித்தது எங்கள் லெனின்கிராடில். பேராசிரியர் பிரியப்ரஷேன்ஸ்கியின் வீடாக வருவது மகவாயா தெருவில் 27-29 எண்ணுள்ள கட்டடம். மறுநாளே நாங்கள் ஒரு கூட்டமாகப் போய் அதன் வாசலில் நின்று பார்த்தோம். எங்களுக்கு முன்பே ஐந்தாறு பேர் அங்கே நின்றிருந்தார்கள். பேராசிரியராக யெவ்கேனி யெவ்ஸ்திக்னேயெவ், நாயிலிருந்து மனிதனான ஷாரிகவாக விளதீமிர் தலக்கோன்னிக்கவ். சாப்பாட்டு மேசைக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. வெள்ளை விரிப்பு, சின்னக் கிண்ணங்களில் வோட்கா, சூடான தொடுகறி. யெவ்ஸ்திக்னேயெவ் ஒரு கவளத்தை எடுத்து வாயில் போட்டு, மென்று, ருசித்து, அதன் பிறகே பேசுவார். சாப்பாட்டுக்கு முன் சோவியத் செய்தித்தாள் படிக்கக் கூடாது என்று அவர் உதவியாளருக்கு மருத்துவ அறிவுரை சொன்ன நொடியில் சிவப்பு மூலை வெடித்துச் சிரித்தது. கட்டையில் செருகிய செய்தித்தாள்கள் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அவரவர் சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சிரித்துப் பழகியவர்கள், அன்றைக்கு ஒரே அறையில் உரக்கச் சிரித்தார்கள். படத்தில் அரண்மனை இல்லை, படை இல்லை. ஒரு வீடு, ஒரு மேசை, பேசத் தெரிந்த இரண்டு மூன்று பேர். அதைவிடச் செல்வச் செழிப்பான தொலைக்காட்சியை நான் பிறகு பார்த்ததில்லை.

1989இல் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பினேன். இரண்டாண்டு கழித்து தூர்தர்ஷனில் மணி கௌல் 'அசடன்' நாவலை நான்கு பகுதிகளாக எடுத்தார். பீட்டர்ஸ்பர்க் பம்பாயாக மாறியிருந்தது, நாவலின் ரகோஷின் ரகுஜனாக மாறியிருந்தான். அந்த ரகுஜன், அப்போது தொலைக்காட்சியில் வளர்ந்துகொண்டிருந்த இளைஞர் ஷாருக் கான். என் வீட்டில் வேறு யாருக்கும் அது பிடிக்கவில்லை. எனக்கு மட்டும் தொலைவிலிருந்து தெரிந்த குரல் கேட்டதுபோல இருந்தது.

அதே காலத்தில் ரஷ்யாவில் எல்லாம் சரிந்துகொண்டிருந்தது. 'எக்ரான்' கலைந்தது. ஸ்டூடியோக்களில் சம்பளம் இல்லை. 1991 இறுதியில் மெக்சிகோவிலிருந்து 'பணக்காரர்களும் அழுகிறார்கள்' என்ற தொடர் வந்தது, 1992இல் அமெரிக்காவின் 'சான்டா பார்பரா' வந்தது. ஒன்பதரை மணி வெளியூர்க் கண்ணீருக்குப் போய்விட்டது. ஓய்வூதியத்தின் மதிப்பு ஒவ்வொரு மாதமும் கரைந்துகொண்டிருந்தவர்களுக்கு, வேறு யாராவது அழுவதைப் பார்ப்பதே ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யெவ்ஸ்திக்னேயெவ் 1992இல் இறந்தார், ஸ்மக்துனோவ்ஸ்கி 1994இல். பாபுஷ்காவுக்கு நான் போட்ட கடைசி வாழ்த்தட்டைக்குப் பதில் வரவில்லை.

2003இல் போர்த்கோ மறுபடியும் வந்தார். இந்த முறை 'அசடன்', பத்துப் பகுதிகள். லெனின்கிராட் நண்பன் குறுந்தட்டுகளைத் தபாலில் அனுப்பிவைத்தான். மிஷ்கினாக யெவ்கேனி மிரோனவ், ரகோஷினாக விளதீமிர் மஷ்கோவ், நஸ்தாஸ்யா ஃபிலிப்போவ்னாவாக லீதியா வெலெஷெவா. தளபதி யெபான்சினாக அலெக் பஸிலஷ்வீலி, அவர் மனைவியாக இன்னா சூரிக்கவா. பஸிலஷ்வீலி, பாபுஷ்கா என்னைக் கூட்டிக்கொண்டு போன அதே ஃபந்தான்கா அரங்கில் 1959இலிருந்து நடித்தவர். ஸ்மக்துனோவ்ஸ்கியின் மிஷ்கின் நடமாடிய மேடையில் வளர்ந்தவர், இன்னொரு மிஷ்கினை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறார். சங்கிலி அறுந்துவிடவில்லை என்று கண்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

நஸ்தாஸ்யாவின் பிறந்தநாள் விருந்துக் காட்சியைச் சொல்கிறேன். ரகோஷின் செய்தித்தாளில் சுற்றி ஒரு லட்சம் ரூபிளைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறான். அவள் அந்தக் கட்டை எடுத்துக் கணப்பு நெருப்பில் எறிந்துவிட்டு, பணத்துக்காகத் தன்னை மணக்க நினைத்த கான்யாவிடம், 'வெறுங்கையால் எடு, எல்லாம் உனக்கே' என்கிறாள். கூடியிருந்தவர்கள் கெஞ்சுகிறார்கள், அழுகிறார்கள், மண்டியிடுகிறார்கள். கான்யாவாக நடித்த அலெக்சாந்தர் லாஸரெவ் நெருப்பைப் பார்த்தபடி நிற்கிறார். ஆசைக்கும் மானத்துக்கும் நடுவே அந்த முகம் படும் பாட்டை நாம் ஒதுங்காமல் பார்க்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர் திரும்பி நடந்து, மயங்கி விழுகிறார். நாவலில் அது எத்தனை பக்கமோ அத்தனை நேரம் திரையிலும் ஓடுகிறது. கெஞ்சுகிறவர்களுக்கெல்லாம் பெயர் இருக்கிறது, ஆளுக்கொரு பேச்சு இருக்கிறது. ஒருவரையும் வெட்டவில்லை. அந்த ஆண்டு ரஷ்யப் புத்தகக் கடைகளில் தஸ்தயேவ்ஸ்கி மளமளவென்று விற்றார். மெட்ரோவில் ஆளுக்கொரு 'அசடன்' வைத்துப் படிக்கிறார்கள் என்று நண்பன் எழுதினான். மறு ஆண்டு சோல்ஷெனித்சின் தன் பெயரிலுள்ள இலக்கியப் பரிசைப் போர்த்கோவுக்கும் மிரோனவுக்கும் கொடுத்தார். எழுத்தாளர்களுக்கென்று வைத்த பரிசு ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் போனது. நாவலை வார்த்தை வார்த்தையாக மதித்ததற்கு அதைவிடப் பொருத்தமான மரியாதை வேறில்லை.

பிரிட்டிஷ்காரர்களும் இந்தப் பொறுமையை அறிந்தவர்கள்தான். 1972இல் பிபிசி 'போரும் அமைதியும்' நாவலை இருபது பகுதிகளாக எடுத்தது. போர்க்களங்களை யுகோஸ்லாவியாவில் படம்பிடித்தார்கள். பியேராக அந்தோணி ஹாப்கின்ஸ். மூக்குக் கண்ணாடிக்குள் தடுமாறும் அந்தப் பெரிய உருவத்தைப் பார்த்தபோது, பாபுஷ்கா இவரை ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதே பிபிசி 2016இல் அதே நாவலை ஆறு பகுதிகளில் முடித்தது. இந்த முறை உண்மையான ரஷ்ய அரண்மனைகளிலேயே படம்பிடித்தார்கள். தங்கமும் பட்டும் மெழுகுவர்த்தியும் கண்ணைப் பறித்தன. பால் டேனோவின் பியேரும் நல்ல பியேர்தான். ஆனால் ஒருவர் தயங்குவதற்குள் அடுத்த காட்சி வந்துவிடுகிறது. டால்ஸ்டாயின் மனிதர்கள் வாழ்வதே அந்தத் தயக்கத்தில். இளவரசர் ஆந்த்ரே ஒரு கிழ ஓக் மரத்தைப் பார்க்கிறார், சில வாரம் கழித்து அதே மரத்தை மறுபடியும் பார்க்கிறார், அதற்குள் அவர் வேறு மனிதராகியிருக்கிறார். நடுவிலுள்ள வாரங்கள் நமக்கும் கழிய வேண்டும். இருபதிலிருந்து ஆறுக்கு இறங்கியபோது வெளியேறியவை அந்த வாரங்கள்தான்.

இழந்தவற்றில் கடைசியானதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொந்தர்ச்சூக் பிறந்தது உக்ரைனின் கெர்சோன் வட்டாரத்தில். புல்ககோவ் பிறந்தது கீவ் நகரத்தில். கோகல் பிறந்தது பொல்தாவா மண்ணில். போர்த்கோ படித்தது கீவ் நாடகக் கல்லூரியில். பொந்தர்ச்சூக் பயன்படுத்திய படச்சுருள் வந்த ஷோஸ்த்கா தொழிற்சாலைகூட உக்ரைனில்தான் இருந்தது. சிவப்பு மூலையில் யார் எந்தக் குடியரசு என்று நாங்கள் கேட்டதில்லை. 2022 பிப்ரவரிக்குப் பிறகு கார்கிவ் நண்பனும் லெனின்கிராட் நண்பனும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கார்கிவில் குண்டு விழுந்த வாரமே கார்கிவ் நண்பன் பேரப்பிள்ளைகளோடு போலந்துக்குப் போய்விட்டான். இருவரும் என்னோடு பேசுகிறார்கள். ஒருவன் மற்றவனைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. அந்த மார்ச் மாதம் நெட்ஃபிளிக்ஸ் தன் ரஷ்ய வேலைகள் அனைத்தையும் நிறுத்தியது. 'அன்னா கரீனினா'வை இன்றைய ரஷ்யாவில் வைத்து எடுத்த 'அன்னா கே' தொடரும் அதில் அடங்கிப்போயிற்று. போரோடு ஒப்பிட்டால் ஒரு தொடர் போனது பெரிய இழப்பில்லை. ஆனால் இந்த நாவல்கள் பொதுச்சொத்தாக இருந்த ஒரு கூடம் இடிந்துவிட்டது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். அந்தக் கூடத்தை இடித்தது எந்த வாசகனும் இல்லை, படையெடுத்து வந்தவர்கள்.

இந்த வருடம் திருச்சியில் எங்கள் வாசகர் வட்டத்தில் போர்த்கோவின் 'அசடன்' தொடரைத் திரையிட ஆரம்பித்திருக்கிறோம். ஞாயிறு மாலை ஒரு பகுதி, ஒன்றே ஒன்று. அடுத்ததையும் போடுங்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். 2011இல் வந்த எம். ஏ. சுசீலாவின் தமிழாக்கத்தில் அந்தந்த அத்தியாயங்களை வாரம் முழுக்கப் படித்துவிட்டு வருகிறார்கள். புரியாத இடத்தில் நிறுத்தி நான் ரஷ்ய வசனத்தைத் தமிழில் சொல்கிறேன். பிறந்தநாள் விருந்து முடிந்த வாரம், பணத்தை எடுக்காமல் திரும்பி நடந்த கான்யாவை உயர்ந்தவன் என்று ஒரு பள்ளி ஆசிரியை வாதாடினார். அது வெறும் கௌரவம் என்று வங்கியில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் மறுத்தான். இருவரும் படிக்கட்டு வரைக்கும் விடாமல் பேசிக்கொண்டே போனார்கள். மறுநாள் காலை அந்தப் பையன் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இரவெல்லாம் யோசித்ததில் டீச்சர் சொன்னதில் பாதி சரியென்று படுகிறது என்றான். இது முடிந்ததும் அடுத்து 'இறந்த ஆன்மாக்கள்'. ஐந்து பகுதி, ஐந்து ஞாயிறு. விருப்பமுள்ளவர்கள் நாவலைப் படித்துவிட்டு வரலாம், படிக்காதவர்களும் வரலாம். முடிந்த பிறகு உட்கார்ந்து பேசத் தயாராக வந்தால் போதும்.